சொல்லாத விண்ணப்பம்

எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம். வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம் இருந்தால் கையைத் தூக்கி, "சொல்லாத விண்ணப்பம்" என்றால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்கக்கூடாது. என் தங்கை ரோடாவின் புருஷன் டெல்மர் வாராவாரம் கையைத் தூக்கினான்.

ஒருநாள் சபை வாசலில் தீவனக்கடை எல்பர்ட் சிரித்தான். "என்னப்பா, உன் விண்ணப்பத்துக்குச் சிவப்புக் கூந்தலா, கறுப்புக் கூந்தலா?"

ரோடா சிரிக்கவில்லை. லீவு நாளில் டெல்மர் லெக்சிங்டன் நகரத்துக்கு ஓடுவான். போன் வந்தால் கொட்டகைக்குப் போய்விடுவான். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

"யாரு அவ?"

"அப்படி யாரும் இல்ல, ரோடா."

"அப்ப என்னன்னு சொல்லு."

"சொல்ல முடியாது."

கல்லுளிமங்கன்! ரோடா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழுது அழுது பாதியாகிப் போனாள். விவாகரத்தும் ஆயிற்று. நானும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

அப்புறம்தான் பேப்பரில் வந்தது. டெல்மர் ஆம்புலன்ஸ் ஓட்டிய கம்பெனி, டயாலிசிஸுக்குத் தானாக நடந்து வந்து ஏறுகிறவர்களையெல்லாம் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, படுத்த படுக்கை என்று அரசாங்கத்திடம் பணம் கறந்திருக்கிறது. அரசாங்கத்தை ஏமாற்றுகிறவர்கள்மேல் எங்கள் நாட்டில் யார் வேண்டுமானாலும் அரசாங்கத்தின் சார்பில் வழக்குப் போடலாம்; அப்படிப் போட்டவன் நம்ம டெல்மர்! அரசாங்கம் விசாரித்து முடிக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கோர்ட் வழக்கை ரகசியமாக மூடிவைத்திருந்தது. பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்காதே என்று லெக்சிங்டன் வக்கீல் சொன்னாராம். இவ்வளவுக்கும் பிறகு அரசாங்கம், எங்களுக்கு இதில் சேர விருப்பமில்லை, வேண்டுமானால் நீயே நடத்திக்கொள் என்று கையை விரித்துவிட்டது.

ரோடா காரை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். டெல்மர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கம்பெனி அவனை வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. ஆள் இளைத்துத் துரும்பாகியிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாவி!"

"சொன்னா கேஸ் போயிடும்னாங்க."

"கேஸ் போயிடும்னு பயந்தியே, நான் போயிடுவேன்னு பயமே இல்லையா உனக்கு?"

அவன் தலை நிமிரவில்லை.

"கேஸ் போனா திரும்ப வராது. நீ வந்துடுவேன்னு நெனச்சேன்."

ரோடா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காருக்குத் திரும்பி வந்து, என்னிடம் சாவியை நீட்டி, "நீ ஓட்டுக்கா," என்றாள்.