கோடு போட்ட சக்கரம்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ‘ஜெபம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சக்கரம் மாட்டுவது அவர் வேலை. ஒவ்வொன்றையும் மாட்டி முடித்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி ரெண்டு வார்த்தை முணுமுணுப்பார்.

“அப்படியே டீசல் டேங்குக்கும் ஒண்ணு போடு, ரொம்பட்டும்” என்று ஓட்டுநர்கள் கலாய்ப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார்.

ஒரு கேள்வி மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஆண்டவர் தன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறாரா, இல்லையா? உபவாசம் இருந்து பார்த்தார். பதில் இல்லை. மனைவியிடம் புலம்பினால் ஒரே பேச்சுதான்.

“கூப்பிட்டா காதுல விழாதா? இப்ப நான் கூப்பிடுறேன், சாப்பிட வாங்க.”

சபைக்கு வேதாகமக் கல்லூரியில் ஓர் இடம் கிடைத்திருந்தது. அழைப்பு உள்ளவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து முன்னால் வர வேண்டும் என்று போதகர் அறிவித்தார். பிறகு இவரைத் தனியாக ஓரம் கட்டினார். “தம்பி, உங்களத்தான் மனசுல வச்சிருக்கேன். ஆண்டவர் உங்கள எப்படி அழைச்சார்னு சாட்சி சொல்ல ரெடியா வாங்க.”

சனிக்கிழமை முழுக்க அவர் தலைக்குள் அந்தச் சாட்சிதான் ஓடியது.

பணிமனையில் ஒரு முறை உண்டு. சக்கர நட்டுகளை முதலில் சாதா ரெஞ்சால் முறுக்குவார்கள். கடைசியில் பெரிய ரெஞ்ச். சரியான இறுக்கம் வந்ததும் அது ‘டக்’ என்று சொல்லும். அதன் பிறகுதான் நட்டையும் சக்கரத்தையும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. நட்டு நகர்ந்தால் கோடு உடையும். கோடு போட்ட சக்கரத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள். ஓட்டுநர் கோட்டைப் பார்ப்பார், வண்டியை எடுப்பார்.

அன்று கடைசிச் சக்கரத்துக்குப் பெரிய ரெஞ்ச் கையில் இல்லை. பக்கத்து வண்டியில் வேலை செய்தவர், “இதோ தரேன்” என்று வாங்கிப் போயிருந்தார். இவர் சும்மா நிற்கவில்லை. சாட்சியின் முதல் வாக்கியத்தை யோசித்தபடியே பிரஷ்ஷை எடுத்துக் கோட்டைப் போட்டார். உள்ளங்கையை வைத்து ஜெபமும் செய்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு. சலவைச் சட்டை. பக்கத்தில் மனைவி. “அழைப்பு உள்ளவங்க எழுந்திருங்க” என்றார் போதகர். இவர் எழுந்தார். சபை கை தட்டியது. கும்பிடக் கையைக் கூப்பியபோது கட்டை விரல் நகத்தில் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. கோடு போட்டது நினைவுக்கு வந்தது. ‘டக்’ கேட்டது நினைவுக்கு வரவில்லை.

முன்னால் போக வேண்டியவர் வாசல் பக்கம் திரும்பி ஓடினார். கை தட்டல் பாதியில் நின்றது.

ஓடிக்கொண்டே அந்த வண்டியின் ஓட்டுநருக்குப் போன் போட்டார்.

“வண்டி எடுத்துட்டியா?”

“எடுக்கப் போறேன். ஆளுங்க ஏறியாச்சு.”

“எடுக்காத. பின்னாடி இடது சக்கரம் முறுக்கல.”

ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்தார். “யோவ், கோடு அம்சமா இருக்குய்யா. பேசாம போய்ப் பாட்டுப் பாடு.”

“கோட்டை நம்பாதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும். நான் வர்ற வரைக்கும் சாவிய பையில போட்டுக்க.”

ஓட்டுநர் திட்டினார். ஆனால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பணிமனையில் பெரிய ரெஞ்சை எடுத்துக்கொண்டு, அதை ஒட்டிய பேருந்து நிலையத்துக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது பயணிகள் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். “மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறான், இவனா மெக்கானிக்கு?” இவர் சலவைச் சட்டையோடு தரையில் முட்டி போட்டு ரெஞ்சை மாட்டினார். முதல் நட்டு நன்றாகத் திரும்பிய பிறகே ‘டக்’ என்றது. அடுத்ததும் அப்படியே. எல்லாம் அப்படியே. ஓட்டுநரின் முகம் வெளுத்தது. கத்தியவர்கள் அடங்கிப்போனார்கள்.

மேஸ்திரி வந்து உடைந்த கோடுகளைப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

“நான்தான்.”

“ஜெபம் பண்ணியா?”

“பண்ணினேன்.”

“முறுக்கினியா?”

“இல்லைங்க.”

ரெஞ்சை யார் வாங்கிப் போனார் என்ற கதையை அவர் எடுக்கவே இல்லை. பழியைத் தள்ளிவிட ஆள் தேடுகிறவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இவர் தேடவில்லை.

“மறுபடி நான் சொல்ற வரைக்கும் நட்டைத் தொடாத. வண்டி கழுவு” என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். “எந்திரிச்சீங்க, ஓடிட்டீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது, தம்பி?”

இவர் நடந்ததைச் சொன்னார். போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி. கல்லூரிக்கு என்ன பதில் சொல்ல?”

“தெரியலைங்கய்யா. ‘டக்’ கேக்காமலே நேத்து கோடு போட்டேன், சக்கரம் கழண்டிருக்கும். இதுவும் அப்படி ஆயிடக் கூடாது. அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

“அப்புறம் அழைப்பு வந்தா?”

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “வந்தா சொல்லி அனுப்புறோம், ஐயா. நாளைக்கு அவருக்குக் காலை ஷிப்ட்டு.”

திங்கள்கிழமை அவர் முழங்கால் வரை கால்சட்டையை மடித்துவிட்டு வண்டி கழுவிக்கொண்டிருந்தார். அதே ஓட்டுநர் வந்தார்.

“ஜெபம், என் வண்டிக்குச் சக்கரம் மாட்டறாங்க. வா.”

“நான் தொடக் கூடாதுப்பா.”

“தொட வேணாம். வேற ஆளு முறுக்குவான். நீ பக்கத்துல நின்னு சத்தத்தைக் கேளு. நீ கேட்டேன்னு சொன்னாத்தான் எடுப்பேன்.”

குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். ‘டக்’ என்றது. தலையை ஆட்டினார். அடுத்த நட்டுக்கு நகர்ந்தார்கள்.