இரண்டாம் நாள் எடுத்த ரத்தம்

ஆய்வகத்தில் அவரைச் ‘சொட்டு மேடம்’ என்பார்கள். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டுகளைத் தடித்த அட்டையில் உலர்த்தி வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுதவர். தலைவலி என்று யாராவது மாத்திரை கேட்டால், “நான் ஊசி போடுற டாக்டர் இல்லப்பா, பேப்பர் எழுதுற டாக்டர்” என்று சிரிப்பார்.

அந்த வேலைக்கு அவரை இழுத்து வந்தது அக்காவின் துக்கம். அக்காவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பத்து நாளுக்குள் போய்விட்டன. “உன் பால்தான் விஷம்” என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். பாலில் உள்ள புரதத்தின் ஒரு பகுதியைச் செரித்து வெளியேற்றும் சக்தி அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. தாயும் தகப்பனும் அறியாமல் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த குறை அது. தங்கை அதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் அக்கா வாழாவெட்டியாகத் திரும்பியிருந்தாள்.

பிறந்த ஓரிரு நாளில் கண்டுபிடித்துவிட்டால், தனிப் பால்மாவு கொடுத்துக் காப்பாற்றலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி அவருக்குக் கை ஓய்ந்தது. “ஆராய்ச்சிக்குன்னா செஞ்சுக்கோங்க” என்று ரத்தச் சொட்டைச் சோதிக்கும் ஒரு பழைய இயந்திரத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அது பழுதாகிப் படுத்துவிட்ட பதினாறாம் நாள், ஒரு லாரி டிரைவர் பிளாஸ்டிக் பையோடு வாசலில் வந்து நின்றார்.

“பாப்பா பொறந்து ஏழு நாளாச்சு மேடம். நேத்துலருந்து பால் குடிக்கல, கை கால் இழுக்குது. மூத்திரத் துணியில சர்க்கரை கருகின வாசனை வருதுன்னு குழந்தை டாக்டர் உங்ககிட்ட காட்டச் சொன்னாரு.”

பையைப் பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. குழந்தைகள் வார்டுக்கு நான்கு மாடி ஏறி ஓடினார். குழந்தையின் சிறுநீரில் சோதனைத் திரவத்தை விட்டதும் மஞ்சளாகத் திரண்டது; அக்கா பிள்ளைகளுக்கு இருந்த அதே குறை. உடனே ரத்தத்தைச் சுத்தப்படுத்தத் தொடங்கினார்கள். பால்மாவுக்காக அவர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டுக் கெஞ்சினார். மூன்றாம் நாள் ஒரே ஒரு டப்பா வந்தது.

அன்று மாலைதான் தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். இயந்திரத்துக்காகக் காத்துக் கிடந்த அட்டைகளில் அந்தக் குழந்தையின் தாய் பெயரும் இருந்தது. பிறந்த இரண்டாம் நாள் எடுத்த ரத்தம். இயந்திரம் ஓடாவிட்டால் என்ன, எல்லாக் குழந்தைகளின் சிறுநீரையும் வாங்கித் திரவம் விட்டுப் பார்த்திருக்கலாமே! அது ஏன் தோன்றவில்லை?

குழந்தை பிழைத்தாள். ஆனால் பத்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை.

பால்மாவு வாங்க வந்த தாய் ஒருநாள் கேட்டாள்: “முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா இந்நேரம் தவழ்ந்திருப்பா. உங்க அட்டை என் மேசையிலதாம்மா கிடந்துச்சு. அஞ்சு நாள்.”

தாய் குழந்தையின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அடுத்த மாசத்துக்குப் பால்மாவு எப்ப வரும்?”

“தெரியலம்மா” என்றார்.