பூச்சியத்துக்குக் கீழே

டொக்டர் எங்கள் நிலையத்து வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வியர்வையைக்கூடத் துடைக்காமல் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்ற அந்த மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அகதி முகாம்களில் நிறுத்துப் பார்த்த பிள்ளைகளின் பட்டியல் அது. "இந்தப் பெடியனுக்கு விலா எலும்பு எண்ணலாம். உங்கடை புரோகிராம் பரவாயில்லை எண்டு சொல்லுது. என்னெண்டு?" என்றார். தாளை மச்சாள்தான் வாங்கினார். பிழை என்னுடையது.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிறிய கணினி நிலையத்துக்கு அவர் பொறுப்பாளராக இருந்தார். நான் அங்கே புரோகிராம் எழுதினேன். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் பகலில் இரண்டு மணித்தியாலம் இயங்கும். நன்கொடையாக வந்த கணினிகள் மூன்று, மூன்றிலும் யுனிக்ஸ் என்ற இயங்குதளம். ஒன்று எங்களிடம், ஒன்று டொக்டரின் ஆஸ்பத்திரியில், மற்றது வல்வெட்டித்துறையில் ஒரு நிவாரண அலுவலகத்தில். யுனிக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிநாட்டிலிருந்த மச்சாளின் சிநேகிதி ஒருத்தி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய புரோகிராம்களை, அவற்றின் மூலநிரலோடு, கிளாலிக் கடலால் குடாநாட்டுக்குள் வந்த ஒருவரிடம் டிஸ்குகளில் கொடுத்துவிட்டிருந்தாள். கூடவே ஒரு நிபந்தனைத் தாள். யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம்; மாற்றினால் யார், எதை மாற்றினார் என்று எழுதிவைக்க வேண்டும். மச்சாள் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார்.

வேறு இயந்திரங்களுக்கு எழுதப்பட்டவை எங்கள் யுனிக்ஸில் உடனே ஓடிவிடாது. இல்லாத துண்டுகளை நாங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு இடங்களிலும் ஒரே கட்டளையில் ஏற்றக்கூடிய பொதியாகக் கட்ட வேண்டும். பாதியில் எண்ணெய் தீர்ந்து எல்லாம் அணைந்துவிடும். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். டொக்டருக்கு வேண்டியிருந்த புள்ளிவிவரப் புரோகிராமில், தசமங்களைக் கிட்டிய முழு எண்ணாக்கும் துண்டு குறைந்தது. பத்து வரிதான். நான் எழுதினேன்.

"எல்லா மாதிரி எண்ணும் குடுத்துப் பாத்தனீங்களோ, மச்சான்?"

"ஓம், பாத்தனான்."

நான் பார்த்தது பூச்சியத்துக்கு மேற்பட்ட எண்களை மட்டும். ஜெனரேற்றர் இருமத் தொடங்கியிருந்தது. எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.

ஒரு பிள்ளையின் நிறை இருக்கவேண்டிய அளவுக்கு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதைக் கழித்தல் குறியோடுதான் எழுதுவார்கள். மெலிந்த பிள்ளைகள் எல்லோரும் பூச்சியத்துக்குக் கீழே. கழித்தல் இரண்டே முக்கால் கழித்தல் மூன்றாக வேண்டும். என் பத்து வரி அதைக் கழித்தல் இரண்டாக்கியது. கழித்தல் மூன்றிலோ அதற்குக் கீழேயோ விழுந்தவர்களுக்குத்தான் நிவாரணச் சத்துமா கிடைத்தது.

மச்சாள் ஏசவில்லை. கழித்தல் எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார், அந்த வரிகளைத் திருத்தினார், புதிய பொதி கட்டினார். அதனுடன் போகும் குறிப்பில், பழைய பிரதியை அழிக்கவும் என்று எழுதி, சரியாகச் சோதிக்காமல் வெளியிட்டவர் என்று தன் முழுப் பெயரையும் போட்டார்.

"என்ரை பிழையெல்லோ? ஏன் உங்கடை பேரைப் போட்டனீங்கள்?"

"அனுப்பினது நான்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே ஒரு டிஸ்கை டொக்டரிடம் கொடுத்தார். அடுத்த நாள் மற்றதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குச் சைக்கிளில் போனார். நான் போகிறேன் என்று சொன்னேன், விடவில்லை. வழியில் இராணுவ ஹெலிகொப்டர் சுற்றியபோது பனை வடலிகளுக்குள் படுத்திருந்தாராம். அங்கே பழைய பிரதியை அழித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்பினார்.

டொக்டர் மறுபடி கணக்கிட்டதில் ஒன்பது பிள்ளைகளின் பெயர்கள் புதிதாக வந்தன. எட்டுப் பேரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாவது, மூன்று வயதுப் பெண்பிள்ளை. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த முகாமை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கியபோது, இடம்பெயர்ந்த ஊரோடு நாங்களும் தென்மராட்சிக்கு, சாவகச்சேரிப் பக்கம், நடந்தோம். கணினி அங்கேயே கிடந்தது. நான் பிறகு கடல் கடந்துவிட்டேன். மச்சாள் ஊரோடு இருந்துகொண்டார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. போன மாதம் தொலைபேசியில் கதைக்கும்போது, இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மச்சாள், அண்டைக்கு எல்லா எண்ணும் பாத்தனான் எண்டு பொய் சொன்னனான்."

"தெரியும்," என்றார். "இடம்பெயர்ந்திருக்கேக்கை, சாவகச்சேரியிலை சனம் தங்கியிருந்த ஒவ்வொரு பள்ளிக்கூடமாப் போய் அந்த ஒன்பதாவது பிள்ளையைப் பற்றிக் கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை." பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

எனக்கு அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது.