கற்பதுக்கையில் கிடந்த இருவர்

குளத்தூருக்குத் தெற்கே, தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் மேட்டில் அகழாய்வு நடந்தது. குழிகளை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. நான்கு புறமும் பலகைக் கல் நட்டு, மேலே மூடுகல் வைத்த பழங்காலக் கல்லறை ஒன்று அங்கே அகப்பட்டது. கற்பதுக்கை என்போம். மூடுகல்லை நகர்த்தியபோது உள்ளே இருவர் அருகருகே கிடந்தார்கள். எங்கள் மண் எலும்பை விட்டுவைப்பதே அரிது. இங்கே மண்டையோடும் பற்களும்கூடச் சிதையாமல் இருந்தன. எலும்புகளை ஆராயும் அம்மையார் இடுப்பெலும்பைப் பார்த்து, ஒருவர் ஆண், மற்றவர் பெண் என்றார். ஆணின் இடக்கை பெண்ணின் தோள்மேல் கிடந்தது. அவர்கள் கிடந்த நிலையை அப்படியே வரைந்துகொண்டேன்.

மண் சுமக்க வந்திருந்த பெண்களுக்கு அதற்குமேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

"புருசன் பொஞ்சாதிதான் சார்" என்றாள் ஒருத்தி.

"எப்படிச் சொல்றீங்க?"

"செத்தும் தோள்ல கை போட்டிருக்காரே. எங்க வீட்டு ஆளு உசுரோட இருக்கையிலேயே போடல."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான். அவளுடைய ஒரே மகளுக்கு நெடுநாளாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஒரு மஞ்சள் கயிறும் மல்லிகைப்பூவும் கொண்டுவந்து, ஜோடியின் மேல் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்றாள். நான் மறித்தேன். மரபணு ஆய்வுக்குப் பல்லும் காதுப்புற எலும்பும் எடுக்கப் போகிறார்கள். நம் வியர்வைத் துளி விழுந்தாலே கணக்குக் குழம்பிவிடும் என்று விளக்கினேன். எங்கள் மரபணு கலந்திருந்தால் ஒப்பிட்டு விலக்குவதற்காகக் குழிக்குள் இறங்கியவர்களிடம் எச்சில்கூட வாங்கியிருந்தார்கள்.

"அப்ப வெளிய கட்டிக்கிறேன்" என்று, குழியின் மூலையில் நான் அடித்திருந்த அளவு முளையில் கயிற்றைக் கட்டினாள். மற்றவர்கள் குலவையிட்டார்கள். கல்யாணம் முடிந்தது என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு கல்கண்டு கிடைத்தது. எனக்கும்தான்.

வேலை முடிந்ததும் எலும்புகளைப் பெட்டிகளில் அடுக்கிச் சென்னை ஆய்வகத்தின் குளிரறைக்கு அனுப்பினோம். அடுத்த அகழாய்வுப் பருவத்துக்கு நாங்கள் திரும்பி வந்தபோது அவள் மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. திருமயத்தில் கல்யாணம். ஆனால் அவள் முகத்தில் களை இல்லை. மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமன் மாலையும் சீரும் யார் கொண்டுவருவார் என்று கேட்டுவிட்டார்களாம். அவளுக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. சித்தப்பா மகன்களோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையும் இல்லை. "மாமன் இல்லாம மணவறைக்கு எப்படி சார் அனுப்புறது? சபையில எம்புள்ள தலைகுனிஞ்சு நிக்குமே" என்று வேலைக்கு நடுவே என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம்தான் மரபணு ஆய்வின் முடிவு வந்தது. இருவருக்கும் தாய்வழி மரபணு ஒன்று. அதனால் தாயும் மகனுமாகவும் இருக்கலாமே என்று அம்மையாரிடம் கேட்டேன். அப்படியென்றால் மரபணு நெடுகிலும் சரியாகப் பாதி பொருந்தும். இங்கே சில பகுதிகள் முழுதாகப் பொருந்துகின்றன, சில பாதி, சில சற்றும் இல்லை. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களிடம்தான் இப்படி வரும் என்றார்.

அண்ணன் தங்கை. அல்லது அக்கா தம்பி. அதற்குமேல் சொல்ல இயலாது.

உணவு இடைவேளையில் பெண்களிடம் சொன்னேன். தூக்குச்சட்டிகள் அப்படியே நின்றன.

"அய்யய்யோ! கூடப்பொறந்ததுகளுக்குல்ல கல்யாணம் பண்ணி வச்சுட்டோம்!"

"குலவை போட்டது நீதான்டி."

"கல்கண்டு தின்னது யாராம்? சாரும்தான் தின்னாரு."

கயிறு கட்டியவள் என்ன நினைப்பாளோ என்றுதான் எனக்குக் கவலை. அபசகுனம் என்று கல்யாணத்தையே தள்ளிப் போட்டுவிட்டால்? அவளோ கை கழுவிவிட்டு வந்து நேராகக் கேட்டாள்.

"நெசமாவே அண்ணன் தங்கச்சியா சார்?"

"யார் மூத்தவர்னு தெரியாது. கூடப்பிறந்தவங்கங்கிறது உறுதி."

"தங்கச்சி தோள்ல கை போட்டுக்கிட்டே போயிருக்காரு பாருங்க." குழிப் பக்கம் கையை நீட்டினாள். "நான் அன்னிக்கு அவருகிட்டதான வேண்டினேன். அப்ப எனக்கும் அண்ணன்தான். எம்மகளுக்குத் தாய்மாமன்."

"அடியே, அவரால சீர் தூக்கிட்டு வர முடியுமாடி?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"சார் வருவாரு. எங்கண்ணன் ஒசரம், அகலம், கை கால் நீளம் எல்லாம் அளந்தவரு அவருதான். அவரு சார்பா வேற யாரு வர முடியும்? வாரீங்களா சார்?"

எதையும் யோசித்துச் செய்கிற ஆள் நான். அன்று யோசிக்காமல் வருகிறேன் என்றேன்.

கல்யாணத்தன்று புடவை, பழம், வெற்றிலை பாக்கு, ரோஜா மாலை என்று ஒழுங்காக அடுக்கிய தட்டோடு நான் முன்னே நடக்க, குழியில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தட்டுடன் பின்னால் வந்தார்கள். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அத்தை தட்டுகளை நிதானமாகப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இவுகதான் மாமனா?"

"மாமனுக்காக வந்திருக்காக" என்றாள் அவள். "எங்கண்ணன் மெட்ராஸ்ல இருக்காரு."

"என்ன வேலையா இருக்காரு?"

"வேலையெல்லாம் ஒன்னுமில்ல மதினி. ஏசி ரூம்புல படுத்திருக்காரு."

"குடுத்து வச்சவரு" என்றார் அத்தை, முழு மனதோடு.

பின்னால் ஒரு தட்டு குலுங்கி ஆரஞ்சுப் பழங்கள் உருண்டன. அவற்றைப் பொறுக்கக்கூட விடாமல் அவள் என்னை மணவறைக்கு இழுத்துப் போனாள். மகள் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். நான் மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன்.