உப்புப் பாத்தியிலிருந்து வந்த புகைபோக்கி

எங்கள் வீட்டுப் புகைபோக்கி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர், ஒரு நாள்கூட அடுப்பு ஊதாதவர். என் கணவரின் அண்ணன், எனக்கு மச்சாண்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

மரக்காணத்து உப்புக் காற்றில் தகரம் நிலைக்காது. சமையலறைக் கீற்றுக் கூரை வழியாகப் போன தகரக் குழாய் துருப்பிடித்து, மேல்பாதி உதிர்ந்து விழுந்துவிட்டது. என் இரண்டு கைகளும் சேர்ந்து நுழையும் அகலமான குழாய் அது. மச்சாண்டார் எங்கள் உப்புப் பாத்திக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு வந்தார். மோட்டாரில் உப்புத் தண்ணீர் இறைக்க வாங்கியதில் மிஞ்சிய துண்டு. மீதித் தகரத்தின் வாயை நசுக்கி, அதன் மேல் செருகி, கூரைக்கு வெளியே நீட்டிவிட்டார்.

"பாரும்மா, ஜென்மத்துக்கும் துருப்பிடிக்காது."

"மாமா, பிளாஸ்டிக் சூடு தாங்காதுங்க. ஓட்டையும் சின்னதா இருக்குது. புகை திரும்பி வந்துடும்."

"கீழதான் தகரம் இருக்குதே. மேல வர்றதுக்குள்ள சூடு ஆறிடும்."

"அண்ணன் பாத்துக்கும், விடு" என்றார் என் கணவர். அவருக்கு அண்ணன் சொன்னால் முடிந்தது.

நான் சொன்னது போலவே புகை வீட்டுக்குள்ளேயே சுற்றியது. என் கண் எரிந்தது, தூளியில் கிடந்த மகள் இருமினாள். கேட்டால், ஈர விறகாம். சவுக்கு விறகை வெயிலில் பரப்பிக் காயவைத்ததே நான்தான்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து சொந்தங்கள் சாப்பிட வந்தார்கள். பெரிய அண்டாவில் சோறு கொதித்தது. "இன்னும் ஆவலையா? விறகை நல்லா தள்ளும்மா" என்று மச்சாண்டார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துளைக்கும் நாற்றம். நிமிர்ந்து பார்த்தால், குழாய் வெந்த முருங்கைக்காய் மாதிரி தொய்ந்து சரிந்துகொண்டிருந்தது. திறந்துபோன தகர வாயிலிருந்து பொறி நேராகக் கீற்றில் பாய்ந்தது.

கதவோரத் தூளியிலிருந்து மகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு ஆட்கள் கீற்றைப் பிய்த்து இழுத்துப் போட்டு, தண்ணீரும் மணலும் கொட்டி அணைத்தார்கள். பாதிக் கூரை போய்விட்டது.

புகை அடங்கவில்லை, அதற்குள் மச்சாண்டார் வந்தவர்களிடம் சொல்கிறார்: "பொம்பளைங்க விறகை இப்படித் திணிச்சா பத்திக்காம என்ன பண்ணும்?" என் கணவர் வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உள்ளே போனேன். எரிந்த கீற்று விழுந்து கருகிக் கிடந்த தூளிச் சேலையையும், உருகிய குழாயையும் எடுத்து வந்து மச்சாண்டார் மடியில் போட்டேன்.

"புடிங்க மாமா. எம்பொண்ணு இதுலதான் தூங்கிட்டிருந்தா."

வந்தவர்கள் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கி ஒழுங்காக அமையும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். செங்கல்லில் கட்டி, கூரை உச்சிக்கு மேலே தூக்கி, கீற்று ஒட்டாமல் சுற்றிலும் இடம் விடுவதாகப் பேச்சு. "அகலம் எவ்ளோ வெக்கலாம்ணே?" என்று அவர் கேட்டது மச்சாண்டாரைத்தான். மச்சாண்டார் தலை குனிந்துகொண்டு, "அத அந்தப் பொண்ணையே கேளு" என்றார்.

கூரை எரிந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. இடுப்பில் இருந்த மகளைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.