ஒரே குழாயில் இரண்டு பேர் ரத்தம்

ஆய்வகத்தில் அவளைச் சந்தேகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு குழாயில் சாயம் விட மறந்து, நோயே இல்லாத ஆளுக்கு நோய் என்று அறிக்கை அனுப்பிவிட்டாள். மறுநாளே பிடித்துத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் பக்கத்து மேசைக்காரனிடம் கையை நீட்டி, தன் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லி, நோயாளிகளுடையதோடு சேர்த்து மெஷினில் ஓட்டிப் பார்ப்பாள்.

“தினம் குடுத்துக் குடுத்தே இளைச்சுட்டேன்.”

“எங்க இளைச்சீங்க? லிஃப்டைக் கேட்டா சொல்லும்.”

அந்த வியாழக்கிழமை பதினொன்றரைக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் குழந்தையின் ரத்தம் வந்தது. வயது ஏழு மாதம், அதற்குள் மூன்று முறை நிமோனியா. மூத்த பையனை ஒன்பதாம் மாதத்தில் பறிகொடுத்த வீடு. வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்ததால் இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. குழந்தைகள் டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கடைசியாக ஒரு சோதனை கேட்டிருந்தார்.

கிருமியை விழுங்கிய செல், அதன் துண்டொன்றைத் தன் மேல் ஏந்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தால்தான் மற்ற செல்கள் சண்டைக்குக் கிளம்பும். அப்படி ஏந்துவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதில் சாயம் ஒட்டினால் மெஷினில் வெளிச்சம் தெரியும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த சில குழந்தைகளுக்கு அந்தப் புரதமே இருக்காது. படை இருந்தும் எதிரி யாரென்று தெரியாமல் கைகட்டி நிற்கும். மிக அபூர்வம். சந்தேகக்கா புத்தகத்தில் படித்ததோடு சரி.

குழந்தையின் குழாயை ஓட்டினாள். திரையில் துளி வெளிச்சம் இல்லை. அவளுடைய ரத்தத்தின் கோடு மட்டும் மலை மாதிரி எழும்பி நின்றது.

“அக்கா, பழைய வேலையைக் காட்டிட்டீங்க. பாப்பா குழாய்ல சாயம் விடல.”

“விட்டேன்டா!”

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.”

சர்வீஸுக்கு வந்த இன்ஜினியர் வேறு வாசலில் நின்றார். “ஒன்றரைக்கு மெஷினை நிறுத்திடுவேன் மேடம்.” மணி ஒன்று. குழந்தையின் ரத்தம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும். மறுபடியும் தனியாக ஓட்டி, மறுபடியும் இருட்டு வந்தால், மறுபடியும் இதே பேச்சுதான்.

சட்டென்று குழந்தையின் சீட்டைப் புரட்டினாள். குழந்தைக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை. கலந்தால் கட்டி தட்டாது.

“ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒரே குழாய்ல விடுறேன். அது மேல சாயம். இப்ப மறந்தா நானும் சேர்ந்து இருட்டாயிடுவேன். பக்கத்துலயே நின்னு பாரு.”

“இப்படியெல்லாம் யாருக்கா பண்ணுவா?”

“நான் பண்ணுவேன்.”

சாயம் பிடிக்க இருபது நிமிடம். இன்ஜினியரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் புரதம் கட்டாயம் இருக்க வேண்டிய செல்களை மட்டும் பிரித்துத் திரையில் போட்டாள். புள்ளிகள் மளமளவென்று கொட்டின. ஒரு கூட்டம் வலப்பக்கம் பளிச்சென்று குவிந்தது. இன்னொன்று இடப்பக்க இருட்டை விட்டு நகரவே இல்லை. ஒரே குழாய், ஒரே சாயம், இரண்டு கூட்டம்!

“அக்கா!” என்றான் மேசைக்காரன்.

“இது நல்லதா கெட்டதா மேடம்?” என்றார் இன்ஜினியர்.

“ரெண்டும்தான் சார்!” என்றவள் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

மேலே குழந்தையின் அம்மா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் தாளைப் பார்த்தார், மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்தார்.

“சாயம்?”

“என் ரத்தமும் அதே குழாய்லதான் டாக்டர் இருக்கு.”

ஒரு நொடிதான். “டிஸ்சார்ஜை நிறுத்துங்க! தனி ரூம் ஒண்ணு உடனே வேணும்!” என்று டாக்டர் கத்தியதில் வார்டே திரும்பியது. பிறகு பெற்றவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். “பாப்பாவுக்கு என்னன்னு கண்டுபிடிச்சிட்டோம்மா. மரபணு பார்த்து உறுதி பண்ணணும். எலும்பு மஜ்ஜை மாத்துறது கஷ்டமான வைத்தியம்தான். ஆனா வழி இருக்கு.”

“பெரியவனுக்கும் இதுதானா?” என்றாள் அம்மா.

“இருந்திருக்கலாம்.”

அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கட்டிய பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். “எந்த ரூம்? காட்டுங்க, போவோம்” என்று குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.