மூன்றரைக் கிலோக் கமரா

பெட்டி கனடாவிலிருந்து வந்தது. தங்கச்சி அனுப்பினது. சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் காவிக்கொண்டு வந்து தந்தார். திறந்து பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் முழுக்கப் போகவில்லை.

எனக்குத் தொண்டைமானாற்றில் சைக்கிள் கடை. இடது தோளுக்குள் சண்டைக் காலத்து இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. எப்படி வந்தது என்று இங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். இடது கை நெஞ்சு மட்டும் வரும். அதற்கு மேல் வராது. ரியூப் ஒட்ட அந்தளவு காணும்.

கடைக்குப் பின்னால் ஆறு. ஆறு என்றுதான் சொல்லுவோம், உண்மையில் கடலேரி. விடியப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பேன். எனக்கு வேறு பழக்கம் இல்லை. குடியும் இல்லை, சீட்டும் இல்லை. முதலில் வைத்திருந்தது கழற்ற ஏலாத லென்ஸ் உள்ள சின்னக் கமரா. அதன்ரை சென்சர், அதுதான் படம் விழுகிற தகடு, சின்னிவிரல் நகம் அளவு. வெயில் ஏறினால் நல்லாய் எடுக்கும். விடியற்பொழுதில் படம் முழுக்க மணல் தூவினது போல வரும். ஆலா என்கிற கடற்பறவைகள் தண்ணீரில் விழுந்து மீன் பிடிக்கிறது அந்தப் பொழுதில்தான். விழுகிற ஆலாவை நானே ஒருக்கால் ஒழுங்காக எடுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கு என்ன வாங்குவது என்று ஒரு வருசம் யோசித்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து விளங்கிக்கொண்டேன். ஃபுல் ஃபிரேம் சென்சர் பெரிது. இருட்டிலும் படம் சுத்தமாக வரும். கிரொப் சென்சர் அதைவிடச் சின்னது, கொஞ்சம் புள்ளி விழும். ஆனால் படத்தின் நடுத்துண்டு மட்டும் அதில் விழுவதால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். சைக்கிளில் பின்னுக்குச் சின்னப் பல்லுச் சில்லு போட்டால் ஒரு மிதிக்குக் கூடத் தூரம் போகும்தானே, அப்படி. நானூறு மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் அறுநூறு போட்டது போல இருக்கும், அறுநூறின் பாரம் இல்லாமல்.

பாரம்தான் என்ரை கணக்கு. பழைய பெடல்களையும் செயின்களையும் ஒரு பையில் போட்டேன். முழங்கையை வயிற்றில் ஊன்றி, பையை நெஞ்சு மட்டத்தில் பிடித்தபடி நின்று பார்த்தேன். ஒவ்வொரு பெடலாகக் கழித்தேன். கால் மணித்தியாலம் நடுங்காமல் நின்ற பையைப் பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்தேன். ஒன்றே முக்கால் கிலோ. கமராவை முகத்துக்கு உயர்த்த என்னால் ஏலாது. முகத்தைக் கமராவுக்குக் குனிவேன். ஆலா தண்ணீரோடு தாழப் பறக்கிற பறவை, எனக்குச் சரி. கிரொப் கமராவும் நானூறு லென்ஸும் அந்த நிறைக்குள் வந்தன. முடிவு எடுத்தாயிற்று.

நெல்லியடியில் ஒரு ஸ்ரூடியோக்காரனிடம் அப்படி ஒன்று, ஆரும் பாவித்த பழையது, இருக்குமோ என்று கேட்டேன். அவன் எடுக்கிறது கலியாணமும், பெண்பிள்ளை பெரிசானால் செய்கிற சாமத்திய வீடும். சிரித்தான். கிரொப் எண்டால் வெட்டினது அண்ணை, வெட்டினதை ஆரும் கேட்டு வாங்குவினமோ என்றான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். கமரா வாங்கப்போகிறேன் என்று என்ரை மனிசி அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். என்ன கமரா, நல்லதாய்ப் பெரிசாய் எடுக்கிறதுதானே அண்ணை என்று கேட்டாள். நான் சொன்னது இவ்வளவுதான்.

"பெரிசு எனக்கு ஏலாது பிள்ளை. சின்னது காணும்."

அவள் சரி அண்ணை என்று வைத்துவிட்டாள்.

தூக்க ஏலாது என்று நான் சொன்னேன். வாங்க ஏலாது என்று அவளுக்குக் கேட்டது. எங்கடை பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். அவள் அங்கே சொந்தக்காரர் எல்லாரிடமும் கதைத்திருக்கிறாள். அண்ணை வாய் திறந்து கேளாத ஆள், பாவம் என்று. எல்லாரும் சேர்ந்து காசு போட்டிருக்கிறார்கள். எது நல்லது என்று, மனிசியிடம் நம்பர் வாங்கி, வட்ஸ்அப்பில் அவள் விசாரித்தது அந்த ஸ்ரூடியோக்காரனை. அவன் ஃபுல் ஃபிரேமும் அறுநூறு லென்ஸும் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் மூன்றரைக் கிலோ.

மனிசி லென்ஸுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினாள். நான் அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படம் போன பிறகு ஒன்றும் சொல்ல வழி இல்லாமல் போயிற்று.

ஐப்பசியில் பறவை இறங்கியது. கொண்டுபோனேன். கமராவை ஏற்றி வைக்கிற முக்காலி சேற்றில் புதைந்தது. கால்களுக்குக் கீழே பலகை வைத்தேன், நின்றது. ஆனால் ஆலா ஒரு இடத்தில் நின்று தருகிற பறவை இல்லை. கமராவைத் திருப்புவதற்குள் அது விழுந்து எழும்பிப் போய்விடும். முக்காலியை விட்டுக் கையில் எடுத்தேன். தோள் பிடித்துக்கொண்டது. லென்ஸ் சரிந்தது. வலக்கையால் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஒரு படமும் இல்லை. ஐந்தாறு விடியல் இப்படிப் போனது.

பிறகு ஒரு நாள் மனிசி தானும் வாறன் என்றாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் எனக்கு முன்னால் நின்றாள். என்ரை தோளிலை வையுங்கோ என்றாள். வைத்தேன். அவள் மூச்சு விட்டால் படம் ஆடியது. மூச்சை விடாதை என்றேன். அடக்கிப் பார்த்தாள்.

"நான் மூச்சு விடாட்டில் உங்களுக்கு ஆர் சோறு தாறது" என்றாள் திரும்பாமலே.

அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ பேர் செலவழித்து, கடைசியில் என்ரை மனிசி தண்ணீருக்குள் கம்பம் போல நிற்கிறாள். வா வீட்டுக்கு என்றேன்.

அன்றிரவு தங்கச்சி வீடியோவில் வந்தாள். காசு தந்தவர்கள் பூநாரைப் படம் கேட்கிறார்களாம். ஒன்றாவது அனுப்பச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஏலாது எண்டு சொன்னது காசு இல்லை எண்டு இல்லை. கை ஏலாது. உன்ரை கமராவை என்னாலை தூக்க ஏலாது."

"கை சுகம் எண்டுதானே எப்பவும் சொல்லுறனீங்கள்."

அது உண்மை. அவள் போன நாள் தொடக்கம் கேட்கும் போதெல்லாம் சுகம் என்றே சொல்லி வந்தேன். தூரத்தில் இருக்கிறவளுக்கு வேறு என்னத்தைச் சொல்லுவது. அதை இப்போது அவள் எடுத்துக் காட்டியது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. பிழை என்னிலும் இருக்கிறது என்று தெரிந்தால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

"கையைத் தூக்கிக் காட்டுங்கோ அண்ணை" என்றாள்.

தூக்கினேன். நெஞ்சு மட்டும் வந்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்களுக்கு ஏற்றதாய் மாத்துங்கோ, இஞ்சை உள்ளவைக்கு நான் சொல்லுறன் என்று சொல்லிப் போனை வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அடுத்த நாளே பெட்டியை ஸ்ரூடியோக்காரனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஃபுல் ஃபிரேமைத் தந்துவிட்டுக் கிரொப் வாங்குகிற ஆளை இப்பதான் பாக்கிறன் என்றான். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

"உன்ரை கலியாண வீட்டிலை பொம்பிளை பறக்கிறேல்லை, தம்பி" என்றேன்.

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பத்து நாளில் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தான். பாவித்த கிரொப் கமரா, நானூறு லென்ஸ். அங்கேயே தராசு கேட்டேன். தராசு இல்லை என்றான். மரக்கறிக் கடையில் நிறுத்தேன். ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு.

மார்கழியில் ஒரு விடியல். முழங்கையை வயிற்றில் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றேன். ஆலா மேலே ஒரு கணம் நின்று, சிறகை மடக்கி விழுந்தது. பொத்தானை விட்டுவிடாமல் அமத்திக்கொண்டிருந்தேன். பதினேழு படம். பதினாறு பிழை. ஒன்றில் அலகு தண்ணீரைத் தொடப் போகிறது, கண் தெரிகிறது. கண்ணுக்குப் பின்னால் புள்ளி விழுந்திருந்தது. பெரிய சென்சர் என்றால் அது இருந்திராது. இருக்கட்டும்.

தங்கச்சிக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. இரண்டு நாளைக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது. ஆர் அண்ணை உங்களுக்குக் கமராவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது என்று.

பதில் எழுத எனக்கு அரை நாள் பிடித்தது. அவ்வளவு கோபம். ஒருத்தரும் இல்லை, நான் என்று எழுதினேன்.